கெல்லி கோட்டையைக் கட்டியது யார்?



பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் ஒரு செங்கல் மாளிகை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதுதான் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து 1890இல் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், காட்டை அழித்து ரப்பர் போட்டார். 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். சீமைப் பிரபுக்களின் மாளிகைபோல் உயரமான கோபுரம், அதில் மின்தூக்கிக்கும் இடம் விட்டார். ஆனால் வளைவுகளைப் பாருங்கள்! சென்னை உயர் நீதிமன்றத்தில் பார்க்கிறோமே, அதே சாயல்!

செங்கல் கப்பலேறி இந்தியாவிலிருந்து வந்தது. அதை அடுக்கிய கைகளும் அங்கிருந்தே வந்தன. அவை நம் தமிழர்களின் கைகள்!

அந்த வேளையில்தான் ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரையும் கட்டிக் கொடுத்தார். நன்றி மறவாத நம்மவர்கள், கோயில் கூரையில் சாமி சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள்!

1926இல் லிஸ்பனில் கெல்லி காலமானார். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

துரையின் பெயர் மாளிகைக்கு இருக்கிறது. உருவம் கோயிலில் இருக்கிறது. கல் சுமந்து மாண்டவர்களின் பெயர் எங்கே?

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றால் பேய்க்கதை சொல்லாதீர்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்படியே அந்தக் கோயிலுக்கும் கூட்டிப் போங்கள்.