பெல்கிரேடுக்கு ஜெர்மனி வழியாக

குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து செர்பியத் தலைநகர் பெல்கிரேடு சுமார் 400 கிலோமீட்டர். யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தவரை, ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்று பெயர் சூட்டப்பட்ட நெடுஞ்சாலை இரண்டு நகரங்களையும் இணைத்தது. 1991இல் போர் மூண்டது. சாலை அடைபட்டது, குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையே தொலைபேசியும் ஊமையானது.

கை ஒடிந்தாற்போல் ஆனவர்கள், இரு நகரங்களிலும் போர் வேண்டாம் என்று சொல்லிவந்த சிறு குழுவினர். ஜாக்ரெப்பில் போர் எதிர்ப்பு இயக்கம், பெல்கிரேடில் போர் எதிர்ப்புச் செயல் மையம் என இரண்டுமே அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தன. இரு தரப்புத் தொலைக்காட்சிகளும் வெறுப்பை ஊதிக்கொண்டிருந்தன. எல்லைக்கு அப்பால் தம்மைப் போல நினைப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இவர்களால் விசாரிக்கக்கூட முடியவில்லை.

ஆனால் வெளிநாட்டுக்குப் பேச முடிந்தது! அந்த ஓட்டையில்தான் 1992இல் ‘ஸாமிர்’ என்ற கணினி வலையமைப்பு நுழைந்தது. ‘அமைதிக்காக’ என்று பொருள். ஜெர்மனியில் வாழ்ந்த அமெரிக்க அமைதிச் செயல்பாட்டாளர் எரிக் பாக்மன் இதற்கு முன்னின்றார். கடிதத்தைக் கணினியில் தட்டச்சு செய்து, மோடம் வழியாக உள்ளூர் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அது ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகருக்கு டயல் செய்து மொத்தக் கடிதங்களையும் கொட்டிவிட்டு, தனக்கு வந்திருப்பதை அள்ளிக்கொள்ளும். பெல்கிரேடு சர்வரும் அப்படியே. நேரடியாகப் பேச முடியாத இரண்டு ஊர்கள் மூன்றாம் நாட்டில் சந்தித்துக்கொண்டன.

கூட்டறிக்கை, உதவிக் கோரிக்கை எல்லாம் இதில் பயணப்பட்டன. ஜாக்ரெப்பில் தங்கியிருந்த டச்சுக்காரர் வாம் காட் அன்றாட நிகழ்வுகளை நாட்குறிப்பாக எழுதி உலகெங்கும் அனுப்பினார். வலைப்பதிவு என்ற பேச்சே இல்லாத காலம் அது.

முற்றுகையில் கிடந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவுக்கும் பின்னர் ஒரு சர்வர் வந்தது. அங்கே அறிக்கைகளோடு குடும்பக் கடிதங்களும் குவிந்தன. சிதறிப்போன உறவினர்கள் ஒருவரையொருவர் தேடினார்கள். இது அரசியல் வேலையா என்று கேட்கலாம். எதிரி என்று காட்டப்பட்ட ஊரிலிருந்து நலம் விசாரித்து ஒரு கடிதம் வந்தால், அதைவிடப் பெரிய போர் எதிர்ப்புப் பிரசாரம் வேறென்ன?

1996 டிசம்பரில் இதே பெல்கிரேடில் வேறொரு வித்தை நடந்தது. உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளை ரத்து செய்ததை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். போரை எதிர்த்துவந்த ‘பி92’ வானொலியின் ஒலிபரப்பைச் செர்பிய அதிபர் மிலோசெவிச்சின் அரசு நிறுத்தியது. நிலையத்தார் ஆம்ஸ்டர்டாமின் இணையச் சேவை நிறுவனமொன்றின் வழியாக ‘ரியல் ஆடியோ’ என்ற மென்பொருளைக் கொண்டு இணையத்தில் ஒலியை ஏற்றினார்கள். பிபிசி போன்ற வெளிநாட்டு வானொலிகள் அதையே எடுத்து மீண்டும் ஒலிபரப்பின. இரண்டு நாளில் பி92 பழையபடி காற்றலைக்குத் திரும்பியது.