பாலினச் சோதனை (பெண்கள் தடகளம்)

பெண்கள் பிரிவில் ஓடுபவர் பெண்தானா என்று உறுதிசெய்ய நடத்தப்படும் மருத்துவப் பரிசோதனை. ஆண் வீரர்களுக்கு இப்படியொரு சோதனை கிடையாது. தமிழ்நாட்டில் இதன் சுமையைத் தாங்கியவர் சாந்தி சௌந்தரராஜன். தஞ்சாவூருக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களில் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி ஊடகங்களில் பரவியது, பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு மட்டும் அறிவித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசை அவருக்கே வழங்கியது. 2012இல் அவர் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பின்னர்தான் அரசுப் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

பெண்கள் பிரிவைக் காக்க ஒரு வரையறை வேண்டும் என்பது நியாயமான வாதம். ஆண்களோடு ஓடவிட்டால் பெரும்பாலான பெண்களுக்கு மேடையே இல்லை. ஆனால் வரையறை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவுக்கு உச்சவரம்பு வைத்த தடகள விதி வந்தது 2011இல். சாந்தி பதக்கத்தை இழந்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. அந்த விதியையும், ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தீ சந்த் தொடுத்த வழக்கில், போதிய சான்று இல்லையென 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இயல்பாக அமைந்த உடல் ஊக்கமருந்து மோசடி ஆகாது. 2025 முதல் உலகத் தடகளச் சங்கம் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. விதி எதுவானாலும், முடிவை ரகசியமாக வைப்பதும், முதலில் வீராங்கனையிடம் விளக்குவதும், மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் உதவி தருவதும் கட்டாயம். 2006இல் கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.