கொக்கலை – பெர்த்: இரண்டு உதயங்களின் வான்வழி

இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலைக் களப்புக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே நேர்வான்வழித் தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். வழியெங்கும் இந்தியப் பெருங்கடல். இரண்டாம் உலகப் போரின்போது இத்தூரத்தை எங்கும் இறங்காமல் கடந்த விமானங்கள், 28 மணி முதல் 32 மணி நேரம் வரை வானில் இருந்தன.

போருக்கு முன் பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி சிங்கப்பூர் வழியாகச் சென்றது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது; அடுத்த மாதம் ஜாவாவும் வீழ்ந்தது. அத்தோடு அந்த வழி அடைபட்டது. அவசரக் கடிதங்களையும் அதிகாரிகளையும் கொண்டுசெல்ல எஞ்சியது, பெருங்கடலை நேராகக் கடக்கும் வழி மட்டுமே. கொக்கலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடல்விமானத் தளம் ஏற்கெனவே இருந்தது. பெர்த்தில் ஸ்வான் ஆறு இறங்குதளமாயிற்று. 1943 ஜூன் மாத இறுதியில் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா கடல்விமானங்களைக் கொண்டு சேவையைத் தொடங்கியது.

பயணம் நீண்டதற்கு முதல் காரணம் விமானத்தின் வேகம். எரிபொருளைச் சிக்கனப்படுத்த, கேட்டலினா மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்திலேயே பறந்தது. எதிர்க்காற்று வீசினால் நேரம் மேலும் கூடியது. கூடுதல் எரிபொருள் தொட்டிகளின் எடைக்கு ஈடுகட்ட, தவிர்க்கக்கூடிய கருவிகள் கழற்றப்பட்டன. அதன் பிறகும் அதிகபட்சம் 3 பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம் கிடைத்தது.

எதிரி விமானங்கள் ரோந்து வரும் பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. இருப்பிடம் தெரிந்துவிடாதிருக்க வானொலி மௌனம் காக்கப்பட்டது. ஆகவே வழிகாட்டி அதிகாரி நட்சத்திரங்களை அளந்தே திசை கணித்தார். அல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைகா என, விமானங்கள் ஐந்துக்கும் அத்தகைய நட்சத்திரங்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் காண நேர்ந்ததால் இச்சேவைக்கு ‘டபுள் சன்ரைஸ்’ என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு’வின் உறுப்பினர் என்று சான்றிதழும் தரப்பட்டது.

1944இல் லிபரேட்டர் விமானங்களும் இவ்வழியில் சேர்ந்தன. ஓடுபாதையில் இறங்கும் இவற்றுக்கு இலங்கையில் இரத்மலானை தளமாக அமைந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள லியர்மந்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டதால் கடலைக் கடக்கும் தூரம் குறைந்தது, வேகமும் அதிகம். கடல் கடக்க ஏறத்தாழ 17 மணி நேரமே போதுமானதாயிற்று. கூடுதல் சுமையும் ஏற்ற முடிந்தது. கேட்டலினா சேவை 1945 ஜூலையில் நின்றது. அதற்குள் அவை 271 முறை இப்பெருங்கடலைக் கடந்திருந்தன. அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகை ஏற்பாட்டில் பெறப்பட்ட அந்த விமானங்கள், போர் முடிந்தபின் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானத்தைத் தொடங்கியது. சுமார் 14,500 கிலோமீட்டர் கொண்ட அவ்வழியை போயிங் 787 ஏறக்குறைய 17 மணி நேரத்தில் கடக்கிறது. கொக்கலை வழியைப் போல இரண்டரை மடங்கு தூரம். நேரமோ அதைவிடப் பத்து மணி நேரத்துக்கு மேல் குறைவு. தூரத்தில் கேட்டலினாவின் பயணம் எப்போதோ பின்தங்கிவிட்டது. ஆனால் ஒழுங்கான பயணிகள் சேவையில் இறங்காமல் வானில் இருந்த நேரத்தைக் கணக்கிட்டால், அதன் 32 மணி 9 நிமிடப் பயணமே நெடியதாகக் குறிப்பிடப்படுகிறது.