புதுக்கோட்டை: சைக்கிளும் கல்குவாரியும்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேகங்கொண்ட அறிவொளி இயக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சைக்கிளோடு நின்றுவிடுகின்றனர். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியது உண்மை. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். (முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!)

அதனினும் பெரிது கல்குவாரி என்பேன். ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமைகளைப் போலக் கல்லுடைத்த பெண்கள், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். பத்திரத்துக்குக் கையெழுத்து வேண்டும். கணக்குக்கு எழுத்து வேண்டும். வகுப்புக்கும் வேலைக்கும் போய்வர வண்டி வேண்டும். எழுத்து அவர்களுக்கு அலங்காரமன்று. கைநாட்டு வைத்த நாளில், உடைத்தது எத்தனை லோடு என்று ஒப்பந்தக்காரர் சொன்னதே கணக்கு. குத்தகை வந்தபின் கணக்கு நோட்டு அவர்கள் மடியில் இருந்தது.