கூடு மாறிய பொருள்கள்

இலக்கிய வாசகர்க்கு இது அயல் துறையே. ஆயினும் நினைவு, மறதி, மெய் ஆகியவை பற்றிய ஒரு வழக்கு இதனுள் இருப்பதால் இங்கே எழுதத் துணிகிறோம்.

ஒரு வங்கியின் பத்து இலட்சம் கணக்குகள் தரவுத்தளத்தில் உறங்குகின்றன எனக் கொள்வோம். ஒரு கணக்கைத் தொட வேண்டுமெனில் அது கணினியின் நினைவகத்துக்கு எழுந்து வர வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர எழுப்ப இடமில்லை. 1990களின் இறுதியில் பரவலாயிருந்த 32 பிட் அமைப்பில் ஒரு நிரலின் முகவரிவெளி 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. எதை எழுப்புவது, எதை உறங்க வைப்பது?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998இல் வெளியிட்ட 'என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்' விவரக்குறிப்பு இதற்கொரு விடை சொன்னது. அதன் பெயர் 'என்டிட்டி பீன்'. முதற்பதிப்பில் விருப்பத்துக்குரியதாயிருந்த இதனை, 1999இல் வந்த 1.1 பதிப்பு சர்வர்களுக்குக் கட்டாயமாக்கியது.

கூடு விட்டுக் கூடு பாயும் சித்தர் கதைகளை நாம் அறிவோம். இங்கே கூடுகள் சில, உயிர்கள் பல. அப்ளிகேஷன் சர்வர் பெயரற்ற வெற்றுப் பொருள்கள் சிலவற்றைக் குளம்போல் தேக்கி வைத்திருக்கும். கோரிக்கை வந்ததும் ஒன்றை எடுத்து, அதற்குக் கணக்கின் அடையாள எண்ணைச் சூட்டும், தரவை ஏற்றும், பரிவர்த்தனை முடிகையில் மாற்றத்தைத் தரவுத்தளத்தில் எழுதும், இடம் நெருக்கினால் அடையாளத்தைக் களைந்து குளத்துக்கே திருப்பும். சற்று முன் ஒருவர் கணக்காயிருந்த கூடு அடுத்த கணம் வேறொருவர் கணக்காகும். கேட்ட நிரலுக்கு இதெல்லாம் தெரியாது. பொருள்களைப் படைப்பதும் அழிப்பதும் அக்காலத்து ஜாவாவில் செலவு மிக்கவை என்பதால் இச்சிக்கனம் நியாயமாகவே பட்டது.

வழக்கு எழுந்தது பரிவர்த்தனை முடிந்த பின்னரே. நினைவகத்திலுள்ள படியை என்ன செய்வது? விவரக்குறிப்பு மூன்று வழிகளைத் தந்தது. 'அ' வழியில் படியை அப்படியே நம்பலாம். 'ஆ' வழியில் கூட்டை வைத்துக்கொண்டு, அடுத்த பரிவர்த்தனையில் தரவை மீண்டும் படிக்க வேண்டும். 'இ' வழியில் கூட்டையும் குளத்துக்கு அனுப்பிவிட வேண்டும். முதல் வழி வேகமானது. ஆனால் தரவுத்தளத்தை வேறெவரும் தொடமாட்டார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. இரவில் ஓடும் வட்டிக் கணக்கீட்டு நிரல் ஒன்று நிலுவையை மாற்றிவிட்டால், சர்வர் நேற்றைய தொகையையே மெய்யென்று சாதிக்கும்.

ஏனைய குறைகள் பலரும் பேசியவை. நூறு கணக்குகளைத் தேடினால், அடையாள எண்களுக்கு ஒரு வினவலும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒன்றுமாக நூற்றொன்று நிகழக்கூடும். 2001இல் கேவின் கிங் 'ஹைபர்னேட்'டைத் தொடங்கினார். 2002இல் வெளிவந்த ராட் ஜான்சனின் நூல் இக்கட்டமைப்பின் கனத்தைக் கடுமையாகச் சாடியது. 2006இன் 3.0 பதிப்போடு வந்த ஜேபிஏ, சாதாரண ஜாவாப் பொருள்களையே போதுமென்றது. பரிவர்த்தனை தீர்ந்தபின் எவரும் பற்றியிராத பொருளைக் குப்பை சேகரிப்பான் அகற்றிவிடும். 2013இல் பழைய என்டிட்டி பீன் மீண்டும் விருப்பத்துக்குரியதாயிற்று.

அதனை வெறும் பிழையென்று நகைப்பது முறையன்று என்பது எம் எண்ணம். ஜேபிஏவிலும் பரிவர்த்தனைகளைக் கடந்து வாழும் இரண்டாம் நிலைச் சேமிப்பு உண்டு. 'அ' வழியின் ஐயம் அங்கும் தொடர்கிறது. எழுதுமுன் வரிசையின் பதிப்பெண்ணை ஒப்பிட்டு, மாறியிருந்தால் எழுத மறுக்கும் ஏற்பாட்டை நிரலாளர் அதற்குத்தான் நாடுகின்றனர்.