ஏழு நாள் பிந்தி வந்த தெய்வம்

குறிகட்டுவானில் இருந்து படகு புறப்பட்டு, காத்து கொஞ்சம் எழும்பினதும், ஏதாவதொரு அம்மம்மா "நாகபூசணித் தாயே" என்று கும்பிடத் தொடங்குவா. போன முறை நாங்கள் ஐந்து பேர் நயினாதீவுக்குப் போனபோதும் அப்படித்தான். பகிடி பண்ண மனம் வரேல்லை. எங்களில் இரண்டு பேருக்கு நீந்தத் தெரியாது.

கேம்களிலும் அனிமேயிலும் வாற காவல் தேவதைகளின் பெயர், ஆயுதம், பலம் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். எங்கட கடலுக்கே ஒரு காவல் தெய்வம் இருந்ததைப் பரீட்சைக்குப் படித்ததோடு விட்டுவிட்டோம்.

மணிமேகலா தெய்வம். கடலில் தத்தளிக்கும் நல்லவர்களைக் காப்பாற்றுவது அவளுடைய வேலை. நான்கு திசைக் காவலர்கள் கொடுத்த பொறுப்பு என்கின்றன பௌத்த ஜாதகக் கதைகள். மகாஜனக ஜாதகத்தில் கப்பல் மூழ்குகிறது, இளவரசன் ஏழு நாள் நீந்துகிறான். ஏழாம் நாள்தான் அவள் வருகிறாள். தேவலோக இன்பத்தில் கடலைப் பார்க்க மறந்துபோனாளாம்! வந்தும் உடனே தூக்கவில்லை. கரையே தெரியாத கடலில் ஏன் நீந்துகிறாய் என்று கேள்வி வேற. கப்பலில் வந்த மற்ற ஆக்கள் மீனுக்கு இரையானார்கள். அவர்களைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.

தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் பெயர் மேகலா. அவள் கையிலுள்ள மணி மின்னினால் மின்னல், அவளைத் துரத்துகிறவன் கோடரி எறிந்தால் இடி. வணிகக் கப்பல்கள் போன இடமெல்லாம் அவளும் போயிருக்கிறாள்.

மணிமேகலைக் காப்பியத்தில் அவள் இன்னும் வேகமானவள். கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலில் இருந்து மீட்டவள் என்பதால்தான் அவன் மகளுக்கு அந்தப் பெயர். புகாரில் தூங்கிக்கொண்டிருந்த மணிமேகலையைத் தூக்கிவந்து மணிபல்லவத் தீவில் விடுகிறாள். அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று இங்கத்தைய ஆக்கள் சொல்லுவினம்; குடாநாட்டைத்தான் குறித்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

ஆனால் அதே தீவில் ஆபுத்திரனும் இறங்கினான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்து ஊருக்கே சோறு போட்டவன். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவில் கப்பல் போய்விட்டது. ஊட்ட ஒருவருமில்லாத தீவில் தனக்கு மட்டும் எதற்குச் சோறு என்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, பட்டினி கிடந்து செத்துப்போனான். அவனைவிட நல்லவன் யார்? அவனைத் தேடித் தெய்வம் வரவில்லை. காப்பியத்தில் எங்களை உறுத்துகிற இடம் இதுதான்.

நயினாதீவு அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. மற்ற வணிகக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அரசனுக்கு யானை குதிரை தேவைப்பட்டது, அதனால் அந்தச் சலுகை. காவலுக்குக் கூலி எவ்வளவு என்று கல்லிலேயே வெட்டி வைத்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

எட்டு நூற்றாண்டு கழித்து, 1985 மே 15, நெடுந்தீவில் இருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். பிறகு குமுதினியைத் திருத்தித் திரும்பவும் ஓடவிட்டார்கள். தீவுக்குப் போக வேற வழி இல்லை, சனம் அதிலேயே ஏறினது.

திரும்பி வரேக்க அந்த அம்மம்மாவும் எங்கட படகில்தான். உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிப்போட்டுத்தான் கும்பிட்டா.