வெடிகுண்டுக்குத் தப்பியது, கயிறு கட்டி இழுக்கப்பட்டது... 'யு-505' நீர்மூழ்கியின் கதை!

அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருக்கிற அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனால், தரைக்குக் கீழே பிரமாண்டமான ஹாலில் 76 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கும். அது அமெரிக்கக் கப்பல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் கடற்படைக்காக ஓடிய 'யு-505'. எதிரியோட கப்பல் சிகாகோவுக்கு எப்படி வந்துச்சு?

நீருக்குள் ஓடுவது கொஞ்ச நேரம்தான்!

ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட யு-505, 1941 ஆகஸ்ட்டில் பணிக்கு வந்தது. தூரக் கடல்களுக்குப் போவதற்காகவே வடிவமைக்கப்பட்ட 'டைப் 9சி' ரகம். முன்பக்கம் நான்கு, பின்பக்கம் இரண்டு என ஆறு டார்பிடோ குழாய்கள். மொத்தம் 22 டார்பிடோக்களைச் சுமக்கும்.

'நீர்மூழ்கி' என்று பெயரே தவிர, அது பெரும்பாலும் நீரின் மேல்தான் ஓடியது. மேலே டீசல் இன்ஜின், மணிக்கு சுமார் 34 கி.மீ வேகம். மிதமான வேகத்தில் போனால் ஏறக்குறைய 25,000 கி.மீ தாங்கும். ஆனால், டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டுமே! அதனால் மூழ்கியதும் பேட்டரியில் ஓடும் மின் மோட்டார்தான். அதில் மெதுவாக ஊர்ந்தால்கூட சுமார் 117 கி.மீ-தான் போக முடியும். அப்புறம் சார்ஜ் போட மேலே வந்தே ஆகணும். நம் போன் மாதிரியேதான். ஆனா, இங்கே சார்ஜ் போடுற நேரத்துல விமானம் பார்த்துட்டா உயிரே போயிடும்.

உள்ளே 50-க்கும் மேற்பட்ட ஆட்கள். அத்தனை பேருக்கும் தனிப் படுக்கை கிடையாது. ஒருவர் டியூட்டிக்கு எழுந்தால், அதே படுக்கையில் இன்னொருவர் படுப்பார்.

அடிமேல் அடி

ஆக்ஸல் லோவே என்ற கேப்டனின் தலைமையில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. யு-505 தன் வாழ்நாளில் மூழ்கடித்த எட்டுக் கப்பல்களில் ஏழு அவர் காலத்தில் மூழ்கியவை. குடல்வால் பிரச்னையால் அவர் விலக, பீட்டர் ஸெக் வந்தார். அதோடு அதிர்ஷ்டமும் இறங்கிப்போனது.

1942 நவம்பர் 10 அன்று டிரினிடாட் அருகே பிரிட்டிஷ் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்து வந்து குண்டு போட்டது. வெடித்த வேகத்தில் விமானமே கடலில் விழுந்தது. கப்பலின் மேல்தளம் நொறுங்கியது. கடலிலேயே ஒட்டுப்போட்டு, எப்படியோ பிரான்ஸின் லோரியாங் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரிப்பேருக்கு ஆறு மாதம் ஆனது.

அப்புறமும் கிளம்பினால் திரும்பி வருவதே வாடிக்கையானது. காரணம், அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரெஞ்சுத் தொழிலாளர்களின் நாசவேலை. ஒருமுறை டீசல் டேங்கில் பென்சில் தடிமனுக்கு ஓட்டை போட்டிருந்தார்களாம். கப்பல் போகும் வழியெல்லாம் எண்ணெய்க் கோடு விழுந்தால் எதிரி கண்டுபிடிக்காமல் இருப்பானா?

1943 அக்டோபர் 24. எதிரிகள் மேலிருந்து குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறையிலேயே கேப்டன் ஸெக் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த நொடியில் பொறுப்பேற்ற துணை அதிகாரி பால் மேயர், கப்பலைப் பத்திரமாகக் கரை சேர்த்தார்.

மூழ்கடிக்காதே, பிடி!

1944 ஜூன் 4. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு அப்பால், அமெரிக்க கேப்டன் டேனியல் கேலரியின் கப்பல் குழு யு-505-ஐக் கண்டுபிடித்தது. கேலரிக்கு ஒரு திட்டம் இருந்தது. மேலே வரும் நீர்மூழ்கியை மூழ்கவிடாமல் பிடிக்கணும். அதற்கென்றே ஒரு குழுவைத் தயார்செய்து வைத்திருந்தார்.

குண்டுவீச்சில் சேதமான கப்பல் மேலே வந்தது. புதிய கேப்டன் ஹரால்டு லாங்கே, கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். போகிற போக்கில் கடல்நீர் உள்ளே வர வழி திறந்துவிட்டார்கள். ஆள் இல்லாத கப்பல் இன்ஜின் ஓடியபடி வட்டமடித்துக்கொண்டிருந்தது.

லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட், எட்டுப் பேருடன் அதில் தாவினார். எந்த நேரமும் மூழ்கலாம், உள்ளே வெடிகுண்டு வைத்திருக்கலாம். தெரிந்தும் இறங்கினார்கள். தண்ணீர் கொட்டிய குழாயின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்கள். கப்பல் தப்பியது! 1815-க்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் கைப்பற்றிய முதல் எதிரிப் போர்க்கப்பல் இதுதான். இதற்காக டேவிட்டுக்கு அமெரிக்காவின் உயரிய ராணுவ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால், அதை வாங்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். மனைவிதான் பெற்றுக்கொண்டார்.

3,000 பேர் காத்த ரகசியம்

உள்ளே எனிக்மா இயந்திரங்களும் சங்கேதப் புத்தகங்களும் கிடைத்தன. விஷயம் வெளியே கசிந்தால் ஜெர்மனி உடனே சங்கேதத்தை மாற்றிவிடும். அதுவும் நார்மண்டி படையிறக்கத்துக்கு இரண்டே நாள் இருந்த நேரம்! இப்படி ரிஸ்க் எடுத்ததற்காக கேலரி மீது ராணுவ விசாரணை நடத்தலாமா என்றுகூட மேலிடம் யோசித்தது.

கப்பலை பெர்முடாவுக்கு இழுத்துப் போய் ஒளித்தார்கள். கேலரியின் குழுவில் இருந்த சுமார் 3,000 வீரர்களும் வாய் திறக்கவில்லை. ஜெர்மன் குழுவில் ஒருவர் இறந்திருந்தார். மீதி 58 பேர் லூசியானாவில் தனி முகாமில் அடைக்கப்பட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூட அனுமதி இல்லை. ஊரில் அவர்களுடைய குடும்பங்கள், கடலில் போனவர்கள் போனவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

போர் முடிந்ததும் இந்தக் கப்பலைப் பயிற்சிக் குறியாகச் சுட்டு மூழ்கடிக்க இருந்தார்கள். கேலரியும் பாதிரியாரான அவர் சகோதரரும் முயற்சி எடுக்க, சிகாகோ மக்கள் நிதி திரட்ட, 1954-ல் அது அருங்காட்சியகத்துக்கு வந்தது. காணாமல்போன பாகங்களை, அவற்றைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனங்களே இலவசமாகக் கொடுத்தன!

ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் திரும்பவே இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால், எதிரியிடம் பிடிபட்டதால்தான் அந்த 58 பேரும் பிழைத்தார்கள்.